சாணை பிடிப்பவர் மகன் கண்ட ராணுவ ரகசியம்

ராணுவத்துக்குப் பயிற்சி நிலம் வேண்டும்.

டாங்கிகள் ஓடிப் பழக வேண்டும். பீரங்கிகள் சுட்டுப் பழக வேண்டும். சிப்பாய்கள் பதுங்கவும் பாயவும் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கான ஏக்கர் தேவை.

அந்த நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது? எந்த மேட்டில் நின்றால் எந்தப் பள்ளம் தெரியும்? எந்தத் தோப்பை வெட்டினால் மறைவு போய்விடும்? எந்தச் சரிவில் டாங்கியை ஓட்டினால் அடுத்த மழையில் மண் கரைந்து ஓடும்?

நிலத்தில் கை வைத்த பிறகு இவற்றைத் தெரிந்துகொண்டு பயன் இல்லை. வெட்டிய மரம் மறுநாளே முளைக்காது. கரைந்த மண் திரும்பி வராது. ஆகவே கை வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

இன்று அதைக் கம்ப்யூட்டர் திரை காட்டிவிடுகிறது. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

ஒரு தாளும் பென்சிலும் போதும் என்று செய்து காட்டினார் ஓர் இளைஞர். அது நடந்து 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவர் பெயர் காஸ்பார் மோன்ஜ். பிரெஞ்சு நாட்டுக்காரர்.

பிறப்பைக் காரணம் காட்டி ராணுவப் பள்ளியின் முன்வாசல் அவருக்கு அடைக்கப்பட்டது. பின்வாசல் வழியாக உள்ளே போனார். அங்கே அவர் கண்டுபிடித்த வித்தையை, வெளியே சொல்லக் கூடாத ராணுவ ரகசியம் என்று பூட்டி வைத்தார்கள். அந்தப் பூட்டைத் திறந்து, வித்தையை ஊருக்கெல்லாம் கொடுத்தவரும் அவர்தான்.

சந்தையில் தந்தை

பிரான்சில் போன் என்று ஓர் ஊர் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறிய ஊர். அங்கே 1746-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி மோன்ஜ் பிறந்தார்.

தந்தை சாமான்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடிப்பவர். வருமானம் கொஞ்சம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். தம் மூன்று மகன்களையும் படிக்க வைத்தே தீருவது என்று உறுதியாக இருந்தார்.

மூத்த மகன் காஸ்பார். பாதிரியார்கள் நடத்திய உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்தான். வகுப்பில் எப்போதும் முதலிடம்.

அவனுக்கு 14 வயது இருக்கும்போது, தீயை அணைக்கும் பம்பு ஒன்றைத் தானே செய்தான். வரைந்து காட்ட ஆசிரியர் இல்லை. பார்த்துச் செய்ய மாதிரி இல்லை. மனத்தில் ஓர் உருவத்தைக் கண்டான். அந்த உருவத்தை விரல்கள் செய்து முடித்தன.

மனத்தில் பார்ப்பது, பிறகு கையால் செய்வது. வாழ்நாள் முழுவதும் மோன்ஜின் வழி இதுதான்.

16 வயதில் லியோன் நகரத்துக் கல்லூரிக்குப் போனார். அடுத்த ஆண்டே அவரைப் பாடம் நடத்தச் சொன்னார்கள். மாணவர்களுக்கும் ஆசிரியருக்கும் வயது வித்தியாசம் அதிகம் இல்லை!

ஊரின் படம்

1764-ம் ஆண்டு மோன்ஜ் சொந்த ஊருக்கு வந்தார். சும்மா இருக்க அவரால் முடியாது. ஊரையே அளந்து, பெரிய படமாக வரைய ஆசைப்பட்டார்.

அளக்கும் கருவி வாங்கப் பணம் இல்லை. தாமே கருவிகள் செய்தார். தெருத் தெருவாக அளந்தார். வீடு, மதில், தோட்டம் எதையும் விடவில்லை. படம் முடிந்ததும் ஊர் மக்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள்.

அந்தப் படம் ஒரு ராணுவ என்ஜினீயர் அதிகாரியின் கண்ணில் பட்டது. வரைந்தவன் 18 வயது இளைஞன் என்று கேட்டு அவர் வியந்தார். மெசியர் நகரத்தில் இருந்த ராணுவ என்ஜினீயரிங் பள்ளிக்குச் சிபாரிசு செய்தார்.

மோன்ஜுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பிரான்சிலேயே பெயர் பெற்ற பள்ளி அது. கோட்டை கட்டும் அதிகாரிகளை உருவாக்கும் பள்ளி.

பின்வாசல்

போன பிறகுதான் உண்மை தெரிந்தது.

அந்தப் பள்ளியில் அதிகாரியாகப் படிக்க அறிவு மட்டும் போதாது. நல்ல குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். நல்ல குடும்பம் என்றால் பிரபு குடும்பம் என்று பொருள். சாணை பிடிப்பவர் மகனுக்கு அங்கே இடம் இல்லை.

பள்ளியோடு சேர்ந்து இன்னொரு பிரிவு இருந்தது. அங்கே படம் வரைவார்கள். கற்களை எப்படி வெட்டிப் பொருத்துவது என்று காட்ட, சுண்ணச்சாந்தில் மாதிரிகள் செய்வார்கள். அதிகாரி மாணவர்கள் அந்த இடத்தைச் சாந்து குழைக்கும் இடம் என்று கேலி செய்வார்கள். மோன்ஜ் அங்கேதான் சேர்க்கப்பட்டார்.

அவர் வரைந்த படங்களை எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியே அவரைச் சுட்டது. கையைப் புகழ்ந்தார்களே தவிர, மூளை ஒன்று இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. அந்தப் படங்களைக் கிழித்தெறிந்துவிடலாமா என்று பல முறை தோன்றியதாகப் பிற்காலத்தில் அவர் சொன்னது உண்டு.

கிழிக்கவில்லை. காத்திருந்தார்.

குன்றும் கோட்டையும்

ஒரு நாள் அவரிடம் ஒரு வேலை வந்தது.

கோட்டை ஒன்று கட்ட வேண்டும். எதிரே குன்றுகள் இருக்கின்றன. எதிரி எந்தக் குன்றின்மீது ஏறி நின்றாலும் கோட்டைக்குள் இருக்கும் சிப்பாய் அவன் கண்ணில் படக் கூடாது. கண்ணில் பட்டால் குண்டு பாயும். அப்படியானால் மதில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

இது நம் வீட்டிலும் வரும் கணக்குதான். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டிவிடுகிறார். நம் வீட்டுக் கொல்லையில் பெண்கள் குளிக்க வேண்டும். மாடியில் நிற்பவர் கண்ணில் படாமல் இருக்க மதிலை எவ்வளவு உயர்த்துவது? குறைத்துக் கட்டினால் மானம் போகும். கூட்டிக் கட்டினால் பணம் போகும்.

கோட்டையில் குறைத்துக் கட்டினால் உயிர் போகும். கூட்டிக் கட்டினால் கஜானா காலியாகும்.

அதுவரை இதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு குன்றையும், மதிலின் ஒவ்வொரு இடத்தையும் எடுத்துக்கொண்டு தனித்தனியாகக் கணக்குப் போடுவார்கள். தாள் தாளாக எண்கள் குவியும். கணக்கு முடியப் பல நாட்கள் ஆகும். நடுவில் ஓர் எண் தவறினால் திரும்பவும் முதலிலிருந்து போட வேண்டும்.

மோன்ஜ் எண்களைத் தொடவில்லை. நிலத்தை மனத்தில் கொண்டு வந்தார்.

ஒரு பெரிய பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு விளிம்பு கோட்டையின் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. மறுபக்கம் சாய்ந்து உயர்ந்து, எதிரே உள்ள குன்றுகளின் உச்சியை உரசிக்கொண்டு போகிறது. கோட்டையின் முன்மதிலை அந்தப் பலகை வரை உயர்த்திவிட்டால் போதும். பலகைக்குக் கீழே நிற்கும் சிப்பாய், குன்றில் நிற்கும் எதிரியின் கண்ணில் படவே மாட்டான்.

அந்தப் பலகை எங்கே சாய்கிறது என்பதைத் தாளில் கோடுகளாலேயே கண்டுபிடித்தார் மோன்ஜ். மிக விரைவில் வேலை முடிந்தது.

அதிகாரி பார்க்க மறுத்தார்

படத்தை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார்.

அதிகாரி அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார்! இவ்வளவு சீக்கிரம் யாராலும் இந்தக் கணக்கை முடிக்க முடியாது, இந்தப் பையன் ஏதோ கிறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவர் நினைத்தார்.

மோன்ஜ் விடவில்லை. தாம் கணக்கே போடவில்லை என்றும், புது வழியில் வந்ததாகவும் விளக்கினார். முடிவைச் சோதிக்காவிட்டாலும் வழியையாவது பாருங்கள் என்று வேண்டினார். கடைசியில் பார்த்தார்கள். விடை சரியாக இருந்தது.

சாந்து குழைக்கும் இடத்திலிருந்து மோன்ஜ் வெளியே வந்தார். அதிகாரி மாணவர்களுக்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. 1769-ம் ஆண்டு கணிதப் பேராசிரியராகவும் ஆனார். எந்த வகுப்பில் உட்கார அவருக்கு உரிமை இல்லையோ, அந்த வகுப்பின் முன்னால் நின்று அவர் பாடம் நடத்தினார்.

இரண்டு படங்கள்

அந்தப் புது வழிதான் என்ன?

வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். மேஸ்திரியோ என்ஜினீயரோ இரண்டு படங்களைக் காட்டுவார். மேலிருந்து பார்த்தால் வீடு எப்படி இருக்கும் என்பது ஒரு படம். அதைப் பிளான் என்பார்கள். எதிரே நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்பது இன்னொரு படம். அதை எலிவேஷன் என்பார்கள்.

இந்த இரண்டு படங்களும் மோன்ஜுக்கு முன்பே உண்டு. கல் தச்சர்களும் தச்சர்களும் தங்கள் வேலைக்கு ஏற்றபடி பயன்படுத்தி வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு முறை. ஒருவர் முறை மற்றவருக்குப் புரியாது.

மோன்ஜ் இரண்டு படங்களையும் ஒரே தாளில், ஒரு கோட்டின் மேலும் கீழுமாகச் சேர்த்தார். ஒரு படத்தில் உள்ள புள்ளிக்கு மற்றப் படத்தில் சரியான இடம் எது என்பதற்கு விதி செய்தார். மலையோ, மதிலோ, இயந்திரமோ, எதுவானாலும் இந்த இரண்டு படங்களுக்குள் அடங்கிவிடும். உண்மையான நீளம், உண்மையான சாய்வு, எது எதை மறைக்கிறது என்பது எல்லாமே தாளிலிருந்து கிடைத்துவிடும்.

அவர் பாடம் நடத்தும்போது கைகளே பேசும் என்பார்கள். காற்றில் கையை வீசி ஒரு வளைவைக் காட்டுவார். மாணவர்களின் கண்முன் அந்த உருவம் வந்து நிற்கும்.

பூட்டிய பெட்டி

இவ்வளவு பயனுள்ள வித்தை வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? எதிரி நாட்டு என்ஜினீயர்களும் கற்றுக்கொள்வார்களே!

ஆகவே அதை ராணுவ ரகசியம் ஆக்கினார்கள். மெசியர் பள்ளியைத் தவிர வேறு எங்கும் அதைச் சொல்லக் கூடாது, எழுதி வெளியிடக் கூடாது என்று மோன்ஜுக்குத் தடை விதித்தார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது.

வேறு கணித ஆராய்ச்சிகளால் அவர் புகழ் பரவியது. 1780-ம் ஆண்டு பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் இடம் கிடைத்தது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் திருமணம் ஆகியிருந்தது. மனைவி கேதரின் இளம் விதவை. இரும்புப் பட்டறை ஒன்றின் சொந்தக்காரி.

ஆனால் தாம் கண்ட மிகப் பெரிய வித்தையை மட்டும் வெளியே பேச மோன்ஜுக்கு அனுமதி இல்லை.

மந்திரி ஆனார்

1789-ம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மக்கள் எழுந்தார்கள். மெசியர் பள்ளியில் அவமானப்பட்ட மோன்ஜ் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

1792-ம் ஆண்டு அவரைக் கடற்படை மந்திரி ஆக்கினார்கள். அவர் மந்திரியாக இருந்தபோதுதான், 1793-ம் ஆண்டு ஜனவரியில், மன்னர் 16-ம் லூயிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இது பின்னாளில் மோன்ஜின் தலைமேலும் விடிந்தது.

அரசியல் அவருக்கு ஒத்துவரவில்லை. ஏப்ரல் மாதமே பதவியை விட்டார். ஆனால் நாட்டை விடவில்லை. சுற்றிலும் எதிரிகள். வெடிமருந்து இல்லை, பீரங்கி இல்லை. வீட்டு நிலவறையிலும் குதிரை லாயத்திலும் மண்ணைச் சுரண்டி வெடியுப்பு எடுக்க மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வேலையில் மோன்ஜ் முன்னால் நின்றார். பீரங்கி வார்ப்பது எப்படி என்று தொழிலாளருக்காகப் புத்தகம் எழுதினார். வெறும் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடியும் முன்பே பட்டறைக்குப் போவார் என்று சொல்வார்கள்.

பூட்டு திறந்தது

போர் ஒரு பாடம் கற்பித்தது. நாட்டில் என்ஜினீயர்கள் போதவில்லை. பிரபு வீட்டுப் பிள்ளைகளை மட்டும் நம்பினால் நாடு பிழைக்காது.

1794-ம் ஆண்டு பாரிசில் புதிய பள்ளி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்குப் பாலிடெக்னிக் பள்ளி என்று பெயர் வந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் மோன்ஜ்.

அங்கே பிறப்பைக் கேட்கவில்லை. பரீட்சை வைத்தார்கள். தேறியவன் உள்ளே வரலாம். முதலில் சுமார் 400 இளைஞர்கள் சேர்ந்தார்கள். படிக்கும் காலத்துச் செலவுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது.

நம் ஊரில் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன அல்லவா? அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அங்கே மாணவர்கள் டிராயிங் வகுப்பில் மேலிருந்து ஒரு படம், முன்னிருந்து ஒரு படம் என்று வரைகிறார்களே, அதுவும் மோன்ஜ் வகுத்த வழிதான்.

1795-ம் ஆண்டு ஆசிரியர்களுக்கான பள்ளியில் மோன்ஜ் தம் வித்தையை வெளிப்படையாகப் பாடமாக நடத்தினார். 1799-ம் ஆண்டு அது புத்தகமாகவும் வந்தது. ரகசியம் எல்லோருக்கும் சொத்தாயிற்று. கோட்டை கட்ட மட்டும் பயன்பட்ட வழி, பாலம் கட்டவும் கப்பல் கட்டவும் இயந்திரம் செய்யவும் பயன்பட்டது.

கானல் நீர்

1796-ம் ஆண்டு அரசாங்கம் மோன்ஜை இத்தாலிக்கு அனுப்பியது. தோற்ற நாட்டின் ஓவியங்களையும் சிலைகளையும் பிரான்சுக்குக் கொண்டுபோகத் தேர்ந்தெடுக்கும் வேலை. அவர் வாழ்க்கையில் பெருமைப்பட முடியாத வேலை அது. அங்கேதான் இளம் தளபதி நெப்போலியனின் நெருங்கிய நட்பு கிடைத்தது.

1798-ம் ஆண்டு நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்தபோது மோன்ஜும் போனார்.

பாலைவனத்தில் படை நடந்தது. தாகத்தால் நாக்கு வறண்டது. திடீரென்று எதிரே ஏரி தெரிந்தது! நீரில் மரங்களின் நிழல்கூடத் தெரிந்தது. சிப்பாய்கள் ஓடினார்கள். ஓட ஓட ஏரியும் விலகிப் போயிற்று.

கானல் நீர் என்று நாம் சொல்வது இதைத்தான். மோன்ஜ் காரணத்தை ஆராய்ந்தார். வெயிலில் மணல் சுடுகிறது. மணலை ஒட்டிய காற்றும் சுடுகிறது. மேலே உள்ள காற்று அவ்வளவு சூடாக இல்லை. இரண்டு காற்றுக்கும் நடுவே ஒளி வளைந்து போகிறது. வானத்தின் உருவம் தரையில் தெரிகிறது. அதைத் தண்ணீர் என்று கண் ஏமாறுகிறது.

கெய்ரோவில் தொடங்கிய விஞ்ஞானக் கழகத்துக்கு மோன்ஜ் தலைவர். அங்கே இந்த விளக்கத்தைப் படித்துக் காட்டினார். சரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே, கண் எப்போது ஏமாறும் என்பதையும் சொன்னார்.

மாணவர் பக்கம்

1804-ம் ஆண்டு நெப்போலியன் சக்கரவர்த்தியாக முடி சூடினார். மோன்ஜுக்கு உயர்ந்த பதவிகள் வந்தன. 1808-ம் ஆண்டு பிரபு பட்டமும் வந்தது. சாணை பிடிப்பவர் மகன் பிரபு ஆனார்!

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு முடியாட்சி பிடிக்கவில்லை. சக்கரவர்த்திக்குக் கோபம். மோன்ஜிடமே முறையிட்டார். மோன்ஜ் பயப்படவில்லை. இவர்களைக் குடியரசுப் பற்றுள்ளவர்களாக வளர்க்கவே நாங்கள் பாடுபட்டோம், மாறுவதற்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள், நீங்களே மிக வேகமாக மாறிவிட்டீர்களே என்ற பொருளில் பதில் சொன்னாராம்.

1805-ம் ஆண்டு அந்தப் பள்ளியில் மாணவர்களே கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஏழைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மோன்ஜ் தம் ஆசிரியர் சம்பளத்தை அவர்களுக்காகக் கொடுத்தார். தந்தை பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை.

கடைசி நாட்கள்

1815-ம் ஆண்டு நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றார். பழைய அரச வம்சம் திரும்பி வந்தது. மன்னரைக் கொன்ற காலத்து மந்திரியை அவர்கள் மன்னிக்கவில்லை. 1816-ம் ஆண்டு விஞ்ஞானக் கழகத்திலிருந்து மோன்ஜின் பெயரை அடித்தார்கள்.

உடல் தளர்ந்திருந்தது. மனமும் உடைந்தது. காற்றில் உருவங்களை வரைந்த கைகள் ஓய்ந்தன. 1818-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி பாரிசில் மோன்ஜ் காலமானார்.

பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ள அனுமதி கேட்டார்கள். அரசாங்கம் மறுத்தது. மாணவர்கள் ஆணையை மீறவில்லை. ஆனால் அடுத்த விடுமுறை நாளில் எல்லோரும் ஒன்றாகக் கல்லறைக்கு நடந்தார்கள். மலர் வளையம் வைத்தார்கள். பரீட்சை எழுதி உள்ளே வந்த பிள்ளைகள், முன்வாசலைத் திறந்துவிட்டவருக்குச் செய்த மரியாதை அது.

நாடு செய்ய வேண்டிய மரியாதைக்கு நீண்ட காலம் ஆயிற்று. 1989-ம் ஆண்டு, புரட்சியின் 200-வது ஆண்டில், மோன்ஜின் உடல் எச்சங்களைப் பாந்தியன் மண்டபத்துக்கு எடுத்துச் சென்றார்கள். பிரான்சின் தலைசிறந்தவர்கள் துயிலும் இடம் அது. ஈபில் கோபுரத்தில் பொறித்துள்ள 72 அறிஞர்களின் பெயர்களில் அவர் பெயரும் உண்டு.

திரையில் நிலம்

1982-ம் ஆண்டு அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு தொல்லை. பயிற்சி நிலங்களைப் பராமரிப்பது கடினமாயிற்று. டாங்கிகள் ஓடி ஓடிப் புல் அழிந்தது. மண் கரைந்தது. இல்லினாய் மாநிலத்தில் உள்ள ராணுவக் கட்டுமான ஆராய்ச்சிக்கூடம் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்யத் தொடங்கியது. அதன் பெயர் கிராஸ். ஆங்கிலத்தில் புல் என்று பொருள் தரும் சொல்!

நிலத்தின் மேடு பள்ளம், மண், மரம், ஓடை எல்லாவற்றையும் அதில் ஏற்றலாம். இந்த மேட்டில் நின்றால் எது தெரியும், எது மறையும் என்று கேட்டால் திரையில் காட்டும். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று காட்டும். ஒரு மரத்தையும் வெட்டாமல், ஒரு டாங்கியையும் ஓட்டாமல், விளைவைப் பார்த்துக்கொள்ளலாம்.

குன்றில் நிற்பவன் கண்ணுக்கு எது தெரியும்? மோன்ஜ் முன் வைக்கப்பட்ட கேள்வியும் இதுதான். தாள் போய்த் திரை வந்திருக்கிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ராணுவத்துக்காகப் பிறந்த கிராஸ் பூட்டி வைக்கப்படவில்லை. எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. காடு வளர்ப்பவர்களும், வெள்ளத்தை ஆராய்பவர்களும், பயிர் நிலத்தை ஆராய்பவர்களும் இன்று உலகம் எங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

மோன்ஜின் வித்தை வெளியே வர 30 ஆண்டுகள் பிடித்தன. அவர் அதைத் திறந்து வைத்த பிறகு, மறுபடியும் பூட்ட யாராலும் முடியவில்லை.